ராமேஸ்வரம் தீவில் காற்றையும் கடிகாரத்தையும் பார்க்காமல் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் வருகிற பெரும்பாலானவர்கள் கையில் ஒரே பட்டியல்தான் இருக்கும்: அக்னி தீர்த்தம், கோயில், ராமர் பாதம், கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, பாம்பன் பாலம். பட்டியல் சரிதான். எதை எந்த நேரத்தில் பார்ப்பது, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய தீவில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எல்லாவற்றையும் ஒரே பகலில் திணிப்பது

காலை பத்து மணிக்கு வந்து இறங்கும் குடும்பத்தின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். அறை எடுத்து, பையை வைத்துவிட்டு, பதினொன்றரைக்கு அக்னி தீர்த்தத்தில் முங்குவார்கள். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகளிலும் நீராடும் வரிசை. பாதிக் கிணறு முடிவதற்குள் மணி ஒன்றாகி நடை சாத்திவிடும். மறுபடி மூன்று மணிக்குத்தான் திறக்கும். அதுவரை ஈரத் துணியோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு காத்திருந்து, தரிசனம் முடித்து, சாப்பிட்டு, தனுஷ்கோடிக்குக் கிளம்பும்போது ஐந்தாகியிருக்கும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைப் பக்கம் பகல் வெளிச்சத்தில்தான் விடுவார்கள். மாலை ஐந்து மணியை ஒட்டியே சோதனைச் சாவடியில் வண்டிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். கூட்டம், கடல் நிலவரம் பார்த்து இந்த நேரம் முன்னே பின்னே ஆகும்.

ஒரு ராத்திரி தங்கினால் இந்த நெருக்கடியே இல்லை. வந்த அன்று மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்குள் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். திரும்பும்போது கோதண்டராமர் கோயிலைப் பார்த்துவிடலாம். மறுநாள் விடியற்காலை கோயில். ஊரை விட்டுக் கிளம்பும்போது பாம்பன் போகும் வழியிலேயே தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தமும் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடமும் வந்துவிடும். அவற்றுக்கென்று தனியாக ஒரு நடை போகத் தேவையில்லை.

சூரிய உதயத்தை அரிச்சல்முனையில்தான் பார்ப்பேன் என்று அதிகாலை நான்கு மணிக்கே ஆட்டோ பேசுபவர்கள் சாவடியில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அக்னி தீர்த்தக் கரை கிழக்கு பார்த்தது. உதயத்தை அங்கேயே பார்க்கலாம்.

தீர்த்தமாடுவதில்

அமாவாசையா என்று நாட்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஊருக்குள் வண்டி நுழைவதே கஷ்டம். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற 22 தீர்த்தம் அன்றைக்குப் பாதிப் பகலைத் தின்றுவிடும். தர்ப்பணம் கொடுக்க வருபவர்களுக்கு அந்த நாள்தான் வேண்டும். சுற்றிப் பார்க்க வருபவர்கள் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டு வருவது நல்லது.

வரிசை முறையில்தான் பலர் குழம்புகிறார்கள். முதலில் கடலில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் (அவற்றில் கடைசி கோடி தீர்த்தம்), அதன் பிறகு உலர்ந்த துணிக்கு மாறி மூலவர் தரிசனம். ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கிச் சிறிது நேரமே நடக்கும். தீர்த்தமாடிவிட்டு அதற்குப் போகலாம் என்று கணக்குப் போட்டால் அது கிடைக்காது. உலர்ந்த துணியில் முதலில் ஸ்படிக லிங்கம், பிறகு கடல், பிறகு தீர்த்தங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அங்கே பெரிய சங்கடமாகிவிடும். வாளி வாளியாகத் தண்ணீர் தலையில் விழும்போது மெல்லிய வெள்ளைத் துணியும் வெளிர் நிறச் சுடிதாரும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அடர்நிறப் பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள். நீளமான பாவாடையோ வேட்டியோ காலில் சிக்காதபடி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். கல் தரை முழுக்க ஈரம். காலில் செருப்பும் இருக்காது. வயதானவர்களைச் சுவரோரமாக, கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கிணற்றுத் திட்டில் நிற்பவர் உயரத்திலிருந்து வாளியைக் கவிழ்ப்பார். கைக்குழந்தை இருந்தால் "கொஞ்சமா ஊத்துங்கண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, குழந்தையின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

செல்போன் உள்ளே கூடாது. அறையிலேயே வைத்துவிடலாம், அல்லது உலர்ந்த துணிப்பையோடு ஒருவரை வெளியே உட்காரவைக்கலாம். தங்கச் சங்கிலியையும் கழற்றி வைத்துவிடுங்கள். தீர்த்தத்துக்கான சீட்டைக் கோயில் கவுன்டரில்தான் வாங்க வேண்டும். "குடும்பத்துக்கு மொத்தமா இவ்வளவு, வரிசையே இல்லாம கூட்டிட்டுப் போறேன்" என்று தெருவில் பேரம் பேசுபவரிடம் பணம் கொடுத்தால் அதற்கு ரசீது கிடையாது. உள்ளே ஏதாவது தகராறு என்றால் கேட்க ஆளும் இருக்காது.

உடுத்திய துணியைக் கடலில் விடுவது பாவத்தை விடுவது என்ற எண்ணத்தில் அக்னி தீர்த்தத்தில் சேலையையும் வேட்டியையும் விட்டுவிடுகிறார்கள். அடுத்து முங்க வருகிற பாட்டியின் காலில்தான் அது சுற்றுகிறது. விடாதீர்கள். சில காலைகளில் கடல் உள்வாங்கி, பாசி பிடித்த கல்லெல்லாம் வெளியே தெரியும். இது இங்கே அடிக்கடி நடப்பது, பயப்பட வேண்டாம். அந்தக் கற்களின் மேல் ஏறித்தான் வழுக்கி விழுகிறார்கள்.

அமைதியாகத் தெரிகிற கடலை நம்புவது

தீவின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதை இங்கே பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பது ஆண் கடல். இதைக் கேட்டுவிட்டு வடக்குப் பக்கம் எப்போதும் சாது, தெற்குப் பக்கம் எப்போதும் முரடு என்று வெளியூர்க்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மீனவர்கள் காற்றைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு குளம் போலக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் நிலைமை அப்படியே தலைகீழ்.

இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. கச்சான் காலத்தில் வடக்குக் கடல் அமைதியாக இருப்பதற்குக் காரணமே, காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். அலை எழாது. ஆனால் தண்ணீரில் மிதக்கும் எதையும் அந்தக் காற்று கரையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ரப்பர் ட்யூபில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, காற்றடைத்த மெத்தை, துடுப்புப் படகு எல்லாம் சத்தமில்லாமல் நகரும். இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்போது கரை தூரத்தில் இருக்கும். பதறிப்போய்க் காற்றுக்கு எதிராக நீந்தி, அங்கேயே களைத்துப்போவார்.

இறங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தோள் உயரத்திலிருந்து ஒரு பிடி உலர்ந்த மணலை மெதுவாக விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் அன்றைக்கு ட்யூப், மெத்தை எதுவும் வேண்டாம். மிதவை கட்டாயம் வேண்டும் என்றால் 10 மீட்டர் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் நிற்கும் பெரியவர் கையில் கொடுங்கள். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலால் அடிக்கும்.

காயக், நின்று துடுப்பு போடும் பலகை, பட்டம் கட்டிச் சறுக்கும் கைட் சர்ஃபிங் எல்லாம் இப்போது இந்தத் தீவிலும், அக்கரையில் பிரப்பன்வலசைப் பக்கமும் உண்டு. கைட் சர்ஃபிங்கை ஒரு மணி நேரத்தில் முயன்று பார்த்துவிடலாம் என்று வருவது வீண். பட்டத்தைக் கட்டுப்படுத்தப் பழகவே முதல் நாள் போய்விடும். மூன்று நாளாவது ஒதுக்குங்கள். முன்பதிவு செய்யும்போது எந்தக் கரையில், எந்தக் காற்றில் பயிற்சி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தைத் தவிர்த்துவிடலாம். உயிர்காப்பு உடையைத் தோளில் மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது. எல்லாக் கொக்கிகளையும் போட்டபின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கட்டும். தாடைக்கு மேல் ஏறினால் அது தளர்வு.

அரிச்சல்முனையில் எந்த மாதமும் இறங்கக் கூடாது. குளிக்கத் தடையும் உண்டு. இரண்டு கடலுக்கும் நீர்மட்டம் காற்றால் மாறிக்கொண்டே இருப்பதால், மணல் திட்டுகளின் இடைவெளி வழியே தண்ணீர் வேகமாக ஓடுகிறது. கரை சரிவாக இறங்காமல் வெட்டிவிட்டாற்போல் ஆழத்துக்குப் போகும். விளிம்பில் நின்று காலை மட்டும் நனைத்தாலும் பாதத்துக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போவது தெரியும். படமெடுக்கத் திரும்பி நிற்பவர்கள் நிலைதடுமாறுவது இந்த இடத்தில்தான். தடுப்புக்கு உள்ளே நின்றே இரண்டு கடலையும் ஒருசேரப் பார்க்கலாம்.

தனுஷ்கோடிச் சாலையில்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர். 2017-ல் இந்தச் சாலை வந்த பிறகு காரிலேயே முனை வரை போகலாம். அதற்கு முன் ஜீப்பிலோ கால்நடையாகவோதான். வழியில் நிழலுக்கு மரமே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, காலை மூடும் செருப்பு வேண்டும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். போன் அந்த நாட்டுச் சிக்னலைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

காற்று பலமான நாட்களில் சாலைக்குக் குறுக்கே மணல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பைக்கில் போகிறவர்கள் அதன்மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கிவிடும். மணல் வருமுன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். படமெடுக்க என்று காரை ஓரத்து மணலில் இறக்குவது இன்னொரு தவறு. சக்கரம் புதைந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போகும். உடனே நிறுத்தி, எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரிவிடுங்கள். நான்கு டயரிலும் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைத்து, கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுங்கள். காற்றை மறுபடி நிரப்பும் வரை வேகமாக ஓட்டக் கூடாது.

1964 டிசம்பர் 22-23 இரவில் புயல் அடித்துப் போட்ட தனுஷ்கோடி ஊரின் மிச்சம்தான் வழியில் பார்க்கும் தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும். பவளக் கல்லால் கட்டிய சுவர்கள், உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஏறி உட்கார்ந்தால் கல் பெயர்ந்து விழும். பெயர் செதுக்கினாலும் அப்படித்தான். அன்றைக்கு அங்கே செத்தவர்களின் உறவுகள் இன்னும் இந்தத் தீவில் வாழ்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

குடிசைகளின் பக்கத்தில் மணலில் தோண்டிய சின்னப் பள்ளங்களைக் காண்பீர்கள். கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறும் ஊற்று அது. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்பதால் மேலோட்டமாகத் தோண்டினால் நல்ல நீர் கிடைக்கிறது. அங்கே இருக்கும் குடும்பங்கள் அதை மொண்டு குடத்தில் நிரப்பிக் குடிக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் அதில் மணல் காலைக் கழுவுவதைப் போல மனசு நோகச் செய்யும் காரியம் வேறில்லை. காலைக் கழுவக் கடல் இருக்கிறது.

பறவை, பவளம், படகு

கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமில்லாத நீர்ப்பரப்பில் குளிர்கால மாதங்களில் பூநாரைகள் வந்து மேயும். பக்கத்தில் போய்ப் படமெடுக்க நினைத்துச் சேற்றில் இறங்குபவர்களால் கூட்டமே எழும்பிவிடும். மேயும் நேரம் வீணாகி, பறப்பதற்குச் சக்தியும் செலவாகும். சாலையிலிருந்தே பைனாகுலரில் பாருங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம். பறவைகளுக்காக மட்டும் சொல்லவில்லை, இது கடல் எல்லைப் பகுதி, அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் போலீஸ் விசாரணைதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. யாராவது படகுக்காரர் "தீவுல இறக்கிவிடறேன்" என்றால் ஏறாதீர்கள். வனத்துறை அனுமதிக்கும் குருசடைத் தீவுப் பயணத்துக்கு குந்துகால் துறையில் விசாரித்துப் போகலாம். கச்சான் பலமாக அடித்தால் படகு விடமாட்டார்கள். அதனால் கிளம்பும் காலையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை, சில சங்கு வகைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் பொறுக்கினாலும், கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் வழக்கு வாங்கியவர் மேல்தான்.

பாம்பன் பாலம்

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியில் சாய்ந்து படமெடுப்பதுதான் அதிகம் பேர் செய்கிற ஆபத்தான வேலை. அங்கே அடிக்கும் காற்று ஒரு சின்னக் குழந்தையைத் தள்ளிவிடும். பின்னால் பேருந்துகளும் வந்துகொண்டே இருக்கும். 1914-ன் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே ஏறும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போதுதான் தூக்குவார்கள், தினமும் நடக்கும் காட்சியில்லை. ரயிலில் கடப்பதுதான் ஆசையென்றால், டிக்கெட் எடுக்கும் முன் அந்த வண்டி பாம்பனைக் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ராமேஸ்வரம் போய்ச் சேரும் வண்டியில் கண்ணாடிக்கு வெளியே இருட்டு மட்டும்தான். அப்படியானால் திரும்பும்போது மதுரைக்குப் பகல் பாசஞ்சர் பிடியுங்கள். வாடைக் காலத்தில் காற்று எல்லை தாண்டினால் பாலத்துக்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் மதுரையில் அடுத்த வண்டியைப் பிடிக்க இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு முன்பதிவு செய்யுங்கள்.