எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தொழிலாகக் கொள்ள: எதை முதலில் பழகுவது?

பொருளறிவியலில் இந்தத் துறைக்கு வருபவர் முதலில் கைவசப்படுத்த வேண்டியது கருவியை அல்ல, மாதிரியை. எலக்ட்ரான் கற்றையை மாதிரியின் ஊடாகச் செலுத்திப் பார்க்கும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் (TEM) தாங்கியில் வழக்கமாக 3 மில்லிமீட்டர் வட்டுதான் உட்காரும். பார்க்கும் இடம் சுமார் 100 நானோமீட்டருக்குள் மெலிந்திருக்க வேண்டும். உலோகமென்றால் இருபுறமும் மாறிமாறித் தேய்த்து 100 மைக்ரோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் நீங்களே உண்டாக்கிய இடப்பெயர்வுகளை, அதாவது அணு அடுக்கின் கோட்டுக் குறைகளை, பிறகு கண்டுபிடிப்பாக எழுத நேரும். அடுத்து, கரைசலில் மின்சாரம் செலுத்தி வட்டை மெலியவைக்கும் மின்வேதி மெருகில் துளை விழுந்ததுமே மின்சாரத்தை நிறுத்தி, உடனே ஆல்கஹாலில் அலசுங்கள்; தாமதித்தால் மெல்லிய ஓரம் கரைந்துவிடும்.

கருவியில் உட்காரும்போது மாதிரியின் பரப்பைக் கற்றையால் வரிவரியாக வருடிப் படமெடுக்கும் அலகிடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (SEM) தொடங்குவதே நல்லது. ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். துகள்கள் ஒரு திசையில் இழுபட்டு, பிறகு அதற்குச் செங்குத்தாக இழுபட்டால் அது அஸ்டிக்மாட்டிசம், அதாவது கற்றை எல்லாத் திசையிலும் ஒரே இடத்தில் குவியாத குறை. அதைச் சரிசெய்யும் ஸ்டிக்மேட்டரைத் திருகாமல் உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பயனில்லை. ஏற்கெனவே பார்த்த இடம் கருஞ்சதுரமாகத் தெரிந்தால் எண்ணெய்ப்பசை போன்ற ஹைட்ரோகார்பன் அழுக்கு படிந்திருக்கிறது. வெறுங்கையால் தாங்கியைத் தொட்டிருப்பீர்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது கருவியின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று அங்கு படிப்பவரிடமே கேளுங்கள். பைத்தான் நிரல்மொழியையும், நுண்ணோக்கித் தரவை அலசும் அதன் ஹைப்பர்ஸ்பை (HyperSpy) தொகுப்பையும் கூடவே பழகுங்கள். பேராசிரியர் பதவி மட்டுமே வழியல்ல. பொதுக் கருவி மையங்களில் நிபுணராக இருப்பவருக்குக் கருவியோடு கழிக்கும் நேரம் அதிகம்.