முதலில் ஆர்டர், அப்புறம்தான் வகுப்பு: பகுதிநேர ராணுவ மெடிக்குகள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. அஸ்தம்பட்டி வீட்டில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தபோது சித்தப்பா மகன் வீடியோவில் வந்தான். டெக்சாஸில் அப்போது சனிக்கிழமை இரவு பதினொன்று. முகத்தில் லேப்டாப் வெளிச்சம், கையில் ஆறிப்போன காபி.

"அக்கா, மூச்சுக்குழல் பாடம் ஓடிக்கிட்டிருக்கு. இன்னும் பதினாலு மணி நேரம் பாக்கி."

"சரி, இதுக்கு யாரு சம்பளம் தர்றாங்க?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இருபது வருடமாக நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறேன், வார விடுமுறை நாளில் பயிற்சிக்கு வந்து உட்காரும் ஒவ்வொரு முகத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு வாரநாட்களில் கிடங்கில் வேலை. மாதத்தில் ஒரு வாரக்கடைசியும் வருடத்தில் இரண்டு வாரமும் அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையான ரிசர்வில் மெடிக், அதாவது அடிபட்ட வீரருக்கு முதல் சிகிச்சை செய்பவன். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்கள் அங்கே படையில் சேரலாம். அந்த அட்டை இல்லாமலே, மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள மாவ்னி என்று ஒரு திட்டம் 2016 வரை இருந்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆகவே "நம்ம பையன் எதுக்கு அங்கே?" என்று ஆச்சரியப்பட வேண்டாம், இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும், இங்கே ஊரில் அவர்களை நினைத்துக் கவலைப்படும் அம்மாக்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

ராணுவ மெடிக் ஒருவர் அமெரிக்க தேசியப் பதிவகம் தரும் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) சான்றிதழைக் காலாவதியாகாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கடைசி நாள் மார்ச் 31. அதற்கு 40 மணி நேரப் படிப்பு காட்ட வேண்டும். முழுநேர வீரருக்கு இது வேலை நேரத்துக்குள் முடிந்துவிடும். மாதம் இரண்டு நாள் மட்டும் சீருடை போடுபவருக்கு? அந்த இரண்டு நாளும் வண்டிப் பராமரிப்பு, துப்பாக்கிச் சுடுதல், காகித வேலை என்று கரைந்துவிடும். மிச்சம் வீட்டுக்கு வரும், ராத்திரிக்கு வரும்.

தம்பி செய்த முதல் தவறு, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, யாரிடமும் கேட்காமல் ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கப் பார்த்தது. ரிசர்வில் சம்பளம் டிரில் கணக்கில் வருகிறது. குறைந்தது நான்கு மணி நேரம் ஒரு டிரில், ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு. எனவே ஒரு வாரக்கடைசிக்கு நான்கு நாள் அடிப்படைச் சம்பளம். இந்தக் கணக்கு முன்கூட்டியே போட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் ஓடும். அந்த அட்டவணைதான் ஆர்டர் மாதிரி, அதில் இல்லாத வேலை நடக்காத வேலை. முடித்துவிட்டு வந்து "நான் பதினாலு மணி நேரம் படித்தேன், காசு கொடுங்கள்" என்றால் மேலதிகாரி நல்லவராகவே இருந்தாலும் அவர் கையில் ஒன்றும் இல்லை.

கேட்க வேண்டிய இடம் யூனிட்டில் பயிற்சி பார்க்கும் சார்ஜென்ட். கேட்க வேண்டிய நேரம் மார்ச் அல்ல, அடுத்த வருடத்துப் பயிற்சி அட்டவணை தயாராகும்போது. மூன்று கேள்வி போதும். டிரில் நேரத்துக்குள்ளேயே இத்தனை மணி நேரம் இஎம்டி வகுப்புக்கு ஒதுக்க முடியுமா? முடியாதென்றால், ஒரு டிரில்லை வேறு நாளுக்கு மாற்றி அந்த நாளில் வகுப்புக்குப் போக அனுமதி உண்டா? அதுவும் இல்லையென்றால், சம்பளம் இல்லாவிட்டாலும் ஓய்வூதியப் புள்ளியாவது கிடைக்குமா? வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் கேட்க வேண்டும். பதில் "இல்லை" என்று வந்தாலும் அது எழுத்தில் இருக்கும் "இல்லை". அடுத்த வருடம் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போகலாம்.

புள்ளி என்றதும் தம்பி உதட்டைப் பிதுக்கினான். அது இன்னொரு தவறு. ரிசர்வில் ஓய்வூதியத்துக்கு 20 நல்ல வருடம் வேண்டும், நல்ல வருடம் என்றால் 50 புள்ளி. படையில் இருப்பதற்கே 15 வந்துவிடும், டிரில்லுக்கு ஒன்று ஒன்றாகச் சேரும். உடம்பு சரியில்லாமலோ பிரசவத்தாலோ சில மாதம் தவறியவருக்கு, பரணில் போட்ட படிப்புப் புள்ளிகள்தான் அந்த வருடத்தைக் காப்பாற்றும்.

சம்பளமே இல்லாமல் 40 மணி நேரமும் முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அதில் பாதியை ஏற்கெனவே சம்பளத்தோடு முடித்திருப்பார்கள்! டிரில்லில் ரத்தப்போக்கை நிறுத்தும் வகுப்பு நடந்திருக்கும், வருடாந்திர முகாமில் இரண்டு நாள் விபத்துச் சிகிச்சைப் பயிற்சி நடந்திருக்கும். ஏற்கப்பட்ட வகுப்பாக நடந்து, தேதி, தலைப்பு, மணி நேரம், கற்பித்தவர் கையெழுத்து எல்லாம் காகிதத்தில் இருந்தால் அது கணக்கில் சேரும். யாரும் வருகைத்தாள் வாங்குவதில்லை. வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பிறகு வீட்டில் அதே பாடத்தை மறுபடியும் கேட்கிறார்கள்.

மணி நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது என்பதும் பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. 40ல் 20 தேசியப் பகுதி, 10 உள்ளூர்ப் பகுதி, 10 சொந்த விருப்பம். தேசியப் பகுதியில் எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்ற வரையறையும் உண்டு. மூச்சுக்குழல் பிடித்திருக்கிறது என்று அதையே நிரப்ப முடியாது. நெஞ்சழுத்தம் போன்ற உயிர்காப்புப் பயிற்சிக்கான அட்டை தனி, அதன் இரண்டு வருடக் கெடுவும் தனி. ராணுவம் வருடா வருடம் வைக்கும் திறன் சோதனை அதுவும் தனி.

இந்த இடத்தில் ஆசிரியை என்ற முறையில் கொஞ்சம் நிற்கிறேன். திரையில் பார்த்துக் கற்றதைக் கை மறந்துவிடும். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர் என்று என் மாணவிகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். பொம்மை மேல் கை வைத்ததும் ஒன்றரை நிமிடத்தில் முழங்கை மடிகிறது, ஆழம் பாதியாகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் புரிகிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் வண்டிக்குள் இதைச் செய்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆக, காசில்லாத படிப்பு என்ற கோபத்தில் வீடியோவை ஓடவிட்டு அடுத்த ஜன்னலில் கிரிக்கெட் பார்ப்பவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு, ஒப்புதல் இல்லை.

கோபத்தில் சான்றிதழையே காலாவதியாக விடுவது வேறு ரகம். மார்ச் 31 தாண்டினால் மெடிக் என்ற தகுதியே ஆட்டம் காணும், பதவி உயர்வு நிற்கும். நியாயம் நம் பக்கம்தான், ஆனால் நஷ்டமும் நம் பக்கம்தான். முதலில் புதுப்பித்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

கிடங்கு முதலாளி விஷயத்திலும் அவன் குழப்பிக்கொண்டான். ராணுவப் பயிற்சிக்குப் போகும் ஊழியருக்கு விடுப்புக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்தால் வேலையில் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டம் சொல்கிறது. அந்த நாளுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை. படை ஆணையிட்ட பயிற்சிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. வீட்டு மேசையில் தானாக உட்கார்ந்து படிப்பதற்கு அதைக் காட்டி விடுப்பு கேட்க முடியாது. இங்கேயும் ஆர்டர்தான் சாவி.

நம் நாட்டிலும் பகுதிநேரப் பட்டாளம் உண்டு. டெரிட்டோரியல் ஆர்மியை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கி வைத்தவர் ராஜாஜி. ஒரு காலத்தில் நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த அதே ராஜாஜிதான். அதிலும் வாரக்கடைசியில் நான்கு மணி நேரப் பயிற்சி ஒரு நாளாக எண்ணப்படுகிறது, சீருடையில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டு.

சீருடை இல்லாத நாங்கள்தான் பாவம். நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்தில் 150 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் அதை வார விடுமுறையில்தான் வைப்பார்கள், கட்டணத்தையும் சம்பளத்தில் பிடிப்பார்கள். நான்கு வருடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பிக்கு இவ்வளவு சொல்கிறேனே தவிர, அன்று நானும் சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் தம்பி ஒரு படம் அனுப்பினான். யூனிட் அட்டவணை. ஞாயிறு காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை இஎம்டி வகுப்பு, பெயர்ப் பட்டியலோடு. நாற்பதில் நாலு மணி நேரம். கீழே எழுதியிருந்தான்: "அக்கா, உன் ஆஸ்பத்திரிக்கு நீ லெட்டர் கொடுத்தியா?"

கொடுத்திருக்கிறேன். கண்காணிப்பாளர் மேசையில், நீல நிறத் தட்டில், மேலிருந்து மூன்றாவதாக இருக்கிறது.