பீக் ஃப்ளோ மீட்டரை வீட்டில் பயன்படுத்துவது எப்படி?

ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழாய் சுருங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. சுருங்குவதற்கு முன்பே குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கிறது. இயோசினோஃபில், மாஸ்ட் செல் போன்ற அழற்சி செல்கள் அங்கே கூடுகின்றன, சளியும் அதிகமாகச் சுரக்கிறது. புண்பட்ட தோலில் லேசாகத் தொட்டாலே சுரீர் என்று இருப்பதைப்போல, அடுத்தவரை ஒன்றும் செய்யாத ஊதுபத்திப் புகைக்கும் குளிர்காற்றுக்கும் இந்தக் குழாயின் தசை இறுகிவிடுகிறது. இதை மிகை எதிர்வினை என்பார்கள்.

இதை அளக்க மருத்துவமனையில் மெத்தகோலின் என்ற மருந்தை நுகரவைத்து, எவ்வளவு சிறிய அளவிலேயே ஊதும் திறன் 20 சதவீதம் குறைகிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் அதைச் செய்யக் கூடாது. ஆனால் ஊதும் வேகம் காலைக்கும் மாலைக்கும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். 1959-இல் பிரிட்டனின் மார்ட்டின் ரைட் அறிமுகப்படுத்திய பீக் ஃப்ளோ மீட்டரின் வழி வந்த சின்ன பிளாஸ்டிக் கருவி அதற்குப் போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளால் சரியாக ஊத முடியாது. மற்றவர்கள் பழகிக்கொள்ளலாம்.

படி 1: ஊதிப் பழகுங்கள்

முள்ளைச் சுழியத்துக்குத் தள்ளுங்கள். நேராக நில்லுங்கள். முள் நகரும் பாதையில் விரல் படக் கூடாது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஊதுவாயை உதடுகளால் காற்று கசியாமல் கவ்வி, ஒரே மூச்சில் பலமாகவும் வேகமாகவும் ஊதுங்கள். நீளமாக ஊத வேண்டியதில்லை, ஊதத் தொடங்கியதும் எட்டும் உச்ச வேகம்தான் கணக்கு. நாக்கு துளையை அடைத்தாலோ நடுவில் இருமல் வந்தாலோ அந்த அளவை விட்டுவிடுங்கள்.

இப்படி மூன்று முறை ஊதி, அதிகபட்ச எண்ணை (நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு) மட்டும் எழுதுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். முதல் இரண்டு பெரிய எண்களுக்கு இடையே 40-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஊதும் விதம் இன்னும் சீராகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி ஊதிப் பாருங்கள்.

படி 2: இரண்டு வாரம் எழுதுங்கள்

காலையில் எழுந்ததும் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இன்ஹேலர் எடுப்பதற்கு முன் ஊதுங்கள். கருவியை மாற்றாதீர்கள், கருவிக்குக் கருவி எண் மாறும். பக்கத்திலேயே அன்று என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்: தூசி தட்டியது, தாளிப்பு நெடி, சளிக் காய்ச்சல், இரவு இருமி எழுந்தது. என்னைக் கேட்டால், எண்ணைவிட இந்தக் குறிப்புதான் மதிப்பு மிக்கது. உங்கள் குழாய் எதற்குச் சீறுகிறது என்பது வேறு எந்தப் பரிசோதனையிலும் இவ்வளவு தெளிவாக வராது.

படி 3: கணக்குப் போடுங்கள்

காலை 320, மாலை 400 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80. இரண்டின் சராசரி 360. 80-ஐ 360-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 22 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்குச் சராசரி எடுங்கள். பெரியவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேலும் குழந்தைகளுக்கு 13 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் ஊசலாட்டம் அதிகம். ஆஸ்துமாவில் அதிகாலையில் எண் சரிவது வழக்கம்.

புகைபிடிப்பதாலும் நீண்டகால அடுப்புப் புகையாலும் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் பெரும்பாலும் எண் தாழ்ந்தே இருக்கும், ஊசலாட்டம் குறைவு. எது எந்த நோய் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், அதற்கு மருத்துவமனையில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் பரிசோதனை வேண்டும்.

படி 4: உங்கள் எல்லைகளைக் குறியுங்கள்

ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கும் நாட்களில் வந்த அதிகபட்ச எண்தான் உங்கள் சொந்தச் சிறப்பு அளவு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் சரி. 50 முதல் 80 வரை என்றால் மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டப்படி செய்யுங்கள். 50-க்குக் கீழே போனால் உடனடி நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பேச முடியாமல் மூச்சு திணறினாலோ உதடு நீலமானாலோ மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள்.

படி 5: நோட்டுடன் மருத்துவரைப் பாருங்கள்

உடனடி நிவாரண இன்ஹேலரில் (நீல பம்ப்) இருக்கும் சால்பியூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அதன் முழுப் பலன் தெரிய வாரக்கணக்காகும். "பம்ப் பழகிவிடும்" என்று பயந்து இதை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. இதற்கு யாரும் அடிமையாவதில்லை. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் பூஞ்சை வருவதும் குறையும்.

பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் மட்டும் கொடுப்பதை 2019 முதல் ஜினா (GINA) என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. உங்களிடம் நீல பம்ப் மட்டும் இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை அதை எடுக்கிறீர்கள் என்பதையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் ஊதுவதை நிறுத்தாதீர்கள். காலை, மாலை எண்களின் இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறதா என்று அடுத்த முறை இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.