அமினோ டப்பா வாங்குவதற்கு முன் சாப்பாட்டுக் கணக்கு

தசை வளர்க்கப் பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் தினமும் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். இப்போது ஒரு சாதாரண நாளைக் கூட்டிப் பாருங்கள். காலையில் சாம்பாரோடு இரண்டு தோசை, சுமார் 8 கிராம். மதியம் உணவங்காடியில் கோழிச்சோறு, 25. இரவு இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, 16. மொத்தம் 49தான், 63 கிராம் துண்டு விழுகிறது.

இதை 5 கிராம் பிசிஏஏ (புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் மூன்றை மட்டும் கொண்ட பொடி) ஈடுகட்டாது. மூன்று முட்டை (18), வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் (30), 100 கிராம் தௌக்வா என்ற கெட்டி டோஃபு (13 அளவில்) சேர்த்தால் 61, ஏறக்குறைய வேலை முடிந்தது. சைவம் என்றால் கோழிக்குப் பதில் தெம்பே (புளிக்கவைத்த சோயா) 150 கிராம், முட்டைக்குப் பதில் ஒரு ஸ்கூப் வே (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி).

பிசிஏஏ ஏன் போதாது? அதில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றே. தசை கட்ட, உடலால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் வேண்டும். லியூசின் மணியடித்து வேலையைத் தொடங்கி வைக்கும். மற்ற ஆறும் வெளியிலிருந்து வராவிட்டால் செங்கல் இல்லாமல் கொத்தனார் வந்து நின்ற கதைதான். உடல் அந்த ஆறையும் இருக்கும் தசையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றின் விகிதத்தை 8:1:1 என்று வைத்து லியூசினை ஏற்றிய டப்பாக்கள் விலையில்தான் உயர்ந்தவை.

சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்பதும் வந்துவிடும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். சாம்பார் சாதத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், பருப்பின் அளவைத்தான் கூட்ட வேண்டும்.

அமினோ பொடி உதவும் இடம் ஒன்று உண்டு. விடியற்காலை வெறும் வயிற்றில் பயிற்சி, கனமாக எதுவும் இறங்காது, பால் பொருளும் ஒத்துக்கொள்ளாது என்றால், ஒன்பதும் உள்ள இஏஏ 10 கிராமை 300 மில்லி தண்ணீரில் கலந்து குடிக்கலாம். பிசிஏஏ வேண்டாம். லியூசின் தண்ணீரோடு எளிதில் சேராது, மேலே மிதக்கும். அதனால் ஷேக்கரில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். கசப்பு இருக்கத்தான் செய்யும். சிறிதும் கசக்காவிட்டால் சுவையூட்டி தாராளமாக இருக்கிறது என்று பொருள்.

வே வாங்கும்போது லேபிளில் லியூசினைத் தேடுங்கள். 25 கிராம் புரதத்துக்குச் சுமார் 2.5 கிராம் இருக்க வேண்டும். 1.5தான் இருந்து, சேர்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் தனியாக வந்தால் கவனம். ஆய்வகம் வழக்கமாக அளப்பது நைட்ரஜனை, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். கிளைசினிலும் நைட்ரஜன் இருப்பதால், மலிவான அதைக் கொட்டினாலும் எண் ஏறிவிடும். ஒவ்வொன்றின் கிராமும் சொல்லாமல் ‘சிறப்புக் கலவை’ என்று மட்டும் போட்ட டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

தனியாக விற்கும் மற்ற அமினோக்கள்? குளுட்டமினை எடுத்துக்கொண்டால், நல்ல உணவு உண்பவரின் தசைக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பீட்டா அலனின் தோலில் குறுகுறுப்பு ஏற்படுத்தும். அது ‘வேலை செய்கிறது’ என்பதற்கு அடையாளமல்ல. மிச்சக் காசுக்கு கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்கி, தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சாப்பிடலாம்.

சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகள் கடைக்கு வருவதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. எனவே போட்டியில் இறங்குபவர்கள், தடைசெய்த பொருள் கலந்திருக்காமலிருக்க, வெளி ஆய்வகம் தொகுதி வாரியாகச் சோதித்த முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொடியானாலும் கூடுதல் புரதமானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.