ஆடும் சாக்கும் ஒரு பேடன்ட் விண்ணப்பமும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவின் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். அது ஆடி நிற்பதற்குள் எடையை எழுதிவிட்டு அடுத்த சாக்கை மாட்டுவார்கள். சாக்கு நனைந்திருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே அளவில் கழிப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இலங்கையின் அட்டனில் இருந்தபடி ஒரு தராசும் அதற்கான நிரலும் செய்தேன். பேடன்ட் கேட்டு அலைந்ததில் கற்றதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு, பதிவு தேவையில்லை. ஆனால் அதே வேலையை இன்னொருவர் தன் கையால் வேறு விதமாக எழுதினால் பதிப்புரிமை தடுக்காது. அதற்குத்தான் பேடன்ட், நம் அரச தமிழில் ஆக்கவுரிமை: நம் கண்டுபிடிப்பை மற்றவர் அனுமதியில்லாமல் செய்வதைத் தடுக்கும் உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கணித முறைக்கும் வியாபாரம் செய்யும் முறைக்கும் அது கிடையாது.

என் முதல் வரைவு இங்கேதான் விழுந்தது. "கொழுந்து எடையைப் பதிந்து தொழிலாளியின் போனுக்கு அனுப்பும் செயலி" என்று எழுதியிருந்தேன். கொப்பியில் எழுதும் கணக்கைப் போனில் எழுதுவதுதானே அது? அப்புறம் மாற்றினேன்: "கொக்கியில் உள்ள லோட் செல் (எடை உணரி) விநாடிக்கு 80 தடவை எடையைப் படிக்கிறது, அசைவு உணரி சாக்கின் ஆட்டத்தை அளக்கிறது, ஆட்டத்தால் கூடிக் குறைவதை நிரல் நீக்குகிறது." யோசனையை விடுங்கள், பொருளில் என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள்.

எழுதியதும், அதையே முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பேடன்ட் தேடும் இணையத்தளங்களான எஸ்பாஸ்நெட், கூகுள் பேடன்ட்ஸ், பேடன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். தேயிலை என்று தேடியபோது ஒன்றும் தட்டுப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். எடை போடும் கருவிகளுக்கான ஜி01ஜி வகுப்பில் தொங்கும் பாரம் என்று தேடினால், கிரேன் தராசுகள் ஆட்டத்தை எப்போதோ சமாளித்திருக்கின்றன. அன்று இரவு தூக்கமே வரவில்லை. மிஞ்சியது ஒன்றுதான்: கொழுந்தைக் கொட்டியபின் அதே சாக்கை மறுபடி மாட்டி, எந்தச் சாக்கு என்று காட்டும் அதன் டாக்கைப் படித்து, மழையில் ஊறிய அந்தச் சாக்கின் எடையை மட்டும் கழிப்பது. உரிமைக் கோரிக்கையை, அதாவது எதற்குக் காப்புக் கேட்கிறேன் என்று சொல்லும் பகுதியை, அதற்குச் சுருக்கினேன். சுருங்கியது வலித்தது, ஆனால் அதுதான் என்னுடையது.

விண்ணப்பிக்கும் முன் யாருக்கும் காட்டாதீர்கள். நான் ஒரு கண்காட்சியில் காட்டிவிட்டேன், ஒருவர் வீடியோவும் எடுத்துக்கொண்டார். நாமே வெளியிட்டிருந்தால் இலங்கையில் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை, எனக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

கம்பனியில் வேலை செய்கிறவர்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சேரும்.

சரி, இனிக் கடதாசி வேலை. விண்ணப்பப் படிவம், விவரணம், உரிமைக் கோரிக்கைகள், படங்கள், சுருக்கம் எல்லாவற்றையும் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். விவரணத்தை, உங்களைத் தெரியாத ஒரு பொறியியலாளர் படித்து அந்தத் தராசைச் செய்யக்கூடிய அளவுக்கு எழுதுங்கள். காப்பு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். இடையில் வருடக் கட்டணம் தவறக் கூடாது. வெளிநாட்டிலும் கேட்பதென்றால் அதே நாளிலிருந்து 12 மாதம் இருக்கிறது. அந்தத் திகதியை இன்றைக்கே கலண்டரில் குறித்துவிடுங்கள்.