சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஓர் அனிமே எபிசோடு

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்க்கும்போது நம் கண் பாதி நேரம் திரையின் அடியிலேயே கிடக்கிறது. சப்டைட்டில் ஓடுகிறதே, என்ன செய்ய! மேலே படம் சொல்வது தவறிப்போகிறது. அதைப் பிடிக்கப் பழக ஓர் எபிசோடு சொல்கிறேன்: 2015இல் வந்த 'சவுண்ட்! யூஃபோனியம்' முதல் சீசன், எட்டாவது எபிசோடு. ஜப்பானின் உஜி நகரத்தில் ஒரு பள்ளி இசைக்குழு; அதில் குமிகோ, ரெய்னா என்று இரண்டு மாணவிகள். தொடரைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷனின் தலைமையகமும் உஜியில்தான். சொந்த ஊரைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

படி 1: சப்டைட்டிலோடு ஒருமுறை முழுதாகப் பாருங்கள். கதை தெரிந்தால் போதும்.

படி 2: அப்புறம் சப்டைட்டிலையும் ஒலியையும் அணைத்துவிட்டு, மலையேறும் காட்சியை மட்டும் ஓட்டுங்கள். உஜியின் அகாதா திருவிழா இரவு. ஊரே கீழே கடைத்தெருவில் திரள, இவர்கள் இருவர் மட்டும் தைகிச்சி மலைக்குப் போகிறார்கள். முகத்தை விடுங்கள், கால்களைப் பாருங்கள். ரெய்னா வெள்ளை உடையும் குதிகால் உயர்ந்த செருப்புமாக வந்திருக்கிறாள். 130 மீட்டர் சொச்சம் உயரமுள்ள சின்ன மலைதான். இருந்தாலும் மலையேற யாராவது அப்படி வருவார்களா? முதல் தடவை பார்த்தபோது, அழகுக்காக வரைந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கால் வலிக்கவில்லையா என்று குமிகோ கேட்க, வலிக்கிறது, ஆனால் வலி தனக்குப் பிடிக்காததில்லை என்கிறாள் ரெய்னா. அவள் பிடிவாதத்தை அந்த வசனத்துக்கு முன்பே செருப்பு சொல்லியாயிற்று. குமிகோவின் சுமையையும் கவனியுங்கள். அவள் வாசிக்கும் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவி நாலைந்து கிலோ இருக்கும், பெட்டி வேறு. வேண்டாவெறுப்பாக வந்தவள் அதைச் சுமந்துகொண்டு ஏறத்தான் செய்கிறாள்.

படி 3: இப்போது ஒளி. திருவிழாத் தெரு விளக்கும் கூட்டமுமாக இருக்கிறது, மலைப்பாதை இருட்டு. அந்த இருட்டில் பளிச்சென்று தெரிவது வெள்ளை உடை ஒன்றுதான். குமிகோவுக்கு ஜப்பானிய நாட்டார் கதைகளில் வெள்ளை உடையில் வரும் பனிப்பெண் நினைவுக்கு வருவது சும்மா இல்லை.

படி 4: ரெய்னாவின் விரல் குமிகோவின் நெற்றியிலிருந்து மூக்கு வழியே இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். குமிகோவின் முகத்தில் தெரிவது பயமா, மயக்கமா? ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வராது, எனக்கும் வரவில்லை. பரவாயில்லை, அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 5: ஒலியைத் திரும்பப் போடுங்கள். மலையுச்சியில் இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், கீழே ஊர் விளக்குகள். அதே இரவில், அதே ஊரில்தான் இசைக்குழுவின் இன்னொரு மாணவி ஹஸுகி, அதே குழுவிலிருக்கும் ஷூயிச்சி என்ற மாணவனிடம் தன் காதலைச் சொல்லி, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்கிறாள். அவளுடைய காட்சிகளையும் இதேபோல் ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். இந்தத் தடவை கைகளிலிருந்து ஆரம்பியுங்கள்.