ஸ்காட்லாந்து ஓட்ஸ் கஞ்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு தங்கும் விடுதியில் காலைச் சமையல் என் பொறுப்பு. கோடை வந்தால் உதவிக்குப் புதுப் பையன்கள் சேர்வார்கள். எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்; நானும் அங்கே சறுக்கியவன்தான். பொங்கி வழிவதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

பெட்டியைப் பார்த்துச் சமைப்பது

ஸ்காட்ஸ் என்ற கம்பெனியின் ஓட்ஸ் பெட்டியில் கில்ட்டும் (இங்கே ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடை) பனியனுமாகக் குண்டு எறியும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். 1880இல் கிளாஸ்கோவில் தொடங்கிய நிறுவனம். 1982இல் அமெரிக்க ஓட்ஸ் நிறுவனமான குவேக்கர் வாங்கியது. ஆலை ஃபைஃப் பகுதியில் கூப்பர் ஊரில் இருக்கிறது. நல்ல சரக்கு, என் வீட்டிலும் அதுதான். ஆனால் படத்தைப் பார்த்ததும் 'பாட்டி காலத்துக் கஞ்சி' என்று முடிவுகட்டி, பாட்டி காலத்துக் கணக்கிலேயே அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தட்டை ஓட்ஸ் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. அரிசி ஒன்றுதான், ஆனால் அவலுக்கு ஒரு பக்குவம், நொய்க்கு ஒரு பக்குவம். உமி நீக்கிய ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு நடுவே நசுக்கினால் தட்டை ஓட்ஸ். பாதி வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. அடுப்பில் ஐந்து நிமிடம் போதும். அதே மணியை எஃகுக் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டினால் பின்ஹெட். அதை இரவே ஊறவைத்தாலும் காலையில் இருபது நிமிடமாவது வேகவேண்டும். அரைத்தால் ஓட்மீல், அதிலும் கொரகொரப்பு, நடுத்தரம், நைஸ் என்று பல பதம்.

போன கோடையில் ஒரு பையன் ஊறவைக்காத பின்ஹெட்டை ஐந்து நிமிடக் கணக்கில் வேகவைத்தான். மேலே வெள்ளைத் தண்ணீர், அடியில் நறுக் நறுக்கென்று மணி. அவசரத்தில் தீயைக் கூட்டினான். அடி பிடித்ததே தவிர மணி வேகவில்லை. மலையேறக் கிளம்பி நின்ற கூட்டத்துக்கு அன்றைக்கு ரொட்டிதான். மறுநாள் பயந்துபோய்த் தட்டை ஓட்ஸை அரை மணி நேரம் கிளறினான். கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூட வந்தது.

அதோடு விட்டானா? பின்ஹெட் நமக்கு ஒத்துவராது என்று அவனே தீர்மானித்து, பிரித்த மூட்டையைக் கொதிகலன் அறையில் தள்ளிவிட்டான். ஓட்ஸில் அரிசி, கோதுமையைவிடக் கொழுப்பு அதிகம். கொழுப்பைக் கெடுக்கும் நொதியை ஆலையில் சூடுகாட்டி அடக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் வெப்பத்தில் மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் சிக்கு வாடை வரும், கசக்கும். வந்தது. கிட்டத்தட்ட முழு மூட்டையும் குப்பைக்குப் போனது. காசு கொடுத்தவனுக்குத்தானே வயிற்றெரிச்சல்.

மூட்டையோ பெட்டியோ, பிரித்ததும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். தட்டையா, வெட்டியதா, அரைத்ததா? அது தெரிந்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம்.

ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் கிராமத்தில் 1994 முதல் உலகக் கஞ்சிப் போட்டி நடக்கிறது. அதன் மரபுப் பிரிவில் ஓட்மீல், தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். தட்டை ஓட்ஸுக்கு அனுமதி இல்லை. பெட்டியில் கில்ட் கட்டிய ஆள் இருக்கிறாரே என்று அங்கே போய் வாதாட முடியாது.

ஊறிய தண்ணீரைக் கொட்டுவது

வேண்டாம். அதிலேயே வேகட்டும்.

ஓட்மீலை மொத்தமாகப் போடுவது

கட்டி தட்டும், வெளியே வெந்து உள்ளே மாவாகவே இருக்கும். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். நடுத்தர ஓட்மீல் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு என்று தொடங்கி, இறுகினால் சுடுதண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளறுவதற்கு இங்கே ஸ்பர்டில் என்று ஒரு உருண்டை மரக்கோல் உண்டு. கார்பிரிட்ஜில் ஜெயிப்பவருக்குப் பரிசே தங்க ஸ்பர்டில்தான். தட்டைக் கரண்டி கஞ்சியை இழுத்துக்கொண்டு சுற்றும். கோல் அதை அறுத்துக்கொண்டு போகும். வலப்பக்கமாகத்தான் சுற்றவேண்டும், இடப்பக்கம் சுற்றினால் சாத்தான் வந்துவிடுவான் என்பார்கள். நான் இடதுகைக்காரன். இதுவரை யாரும் வரவில்லை.

உப்பை மறப்பது

தேன் ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. முதலிலேயே உப்புப் போட்டால் மணி இறுகும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் கடைசியில்தான் போடுகிறேன், ருசி பார்த்துத் திருத்த வசதி என்பதற்காக.

சர்க்கரை

மேசையில் வையுங்கள். பானையில் வேண்டாம்.

மிச்சத்தைக் கொட்டுவது

ஆறினால் கஞ்சி இறுகிவிடும். துண்டுபோட்டு வெண்ணெயில் வாட்டினால் ஓரம் மொறுமொறுவென்று வரும். அந்தக் காலத்தில் இழுப்பறையிலேயே ஊற்றி ஆறவிட்டு, வெட்டி வேலைக்கு எடுத்துப்போனதாக இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். இழுப்பறை வேண்டாம், எண்ணெய் தடவிய ஒரு தட்டு போதும்.